பண்பாட்டுப் புவியியலுக்கு ஓர் ஆய்வு வட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்கி நடத்தும் முறை

ஓர் இடமும் அங்குள்ளவர்களின் வாழ்க்கையும் ஒன்றையொன்று எப்படி உருவாக்குகின்றன என்று பார்க்கும் துறை பண்பாட்டுப் புவியியல். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதில் ஈடுபாடு உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்துவார். ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் முதுகலை ஆசிரியர். இன்னொருவர் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்து பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்பவர். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிறுதோறும் நடுகல் தேடிப் போகிறவரும் உண்டு. நால்வரும் ஒரே சந்தையை, ஒரே மலையைப் பற்றி எழுதியிருப்பார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

இவர்களை ஒன்றுசேர்க்கக் கருத்தரங்கு போட்டால் போதும் என்று நினைப்பதுண்டு. கருத்தரங்கு முடிந்த மறுநாள் எல்லாரும் பழையபடி தனித்தனிதான். ‘இது நம் கூட்டம்’ என்ற எண்ணம் ஒருவருக்கு வர வேண்டுமென்றால் அவர் கையில் அந்தக் கூட்டத்தின் வேலை ஒன்று இருக்க வேண்டும், அந்த வேலைக்கு எழுத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவை.

ஆள் சேர்ப்பது

ஆறு முதல் எட்டுப் பேரோடு தொடங்குங்கள். பதினைந்தைத் தாண்ட விடாதீர்கள்; தாண்டினால் பாதிப் பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். தொடக்கக் குழுவில் குறைந்தது மூன்று நிறுவனங்களிலிருந்து ஆள் வேண்டும். எல்லாரும் ஒரே நெறியாளரின் மாணவர்கள் என்றால் அது துறைக் கூட்டம்தான். நெறியாளர் வராத மாதம் யாரும் வர மாட்டார்கள். கல்லூரிக்கு வெளியே இருந்து ஒருவராவது கட்டாயம்: நடுகல் பார்ப்பவர், உள்ளூர் நிருபர், கூத்துக் கலைஞர், ஓய்வுபெற்ற நில அளவர். அதிலும் நில அளவர் கிடைத்தால் விடாதீர்கள். புல எண்ணும் பழைய எல்லைக்கல்லும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டாம். போனில் பேசுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த இரண்டு மாவட்டத்துல நீங்களே பார்த்து, யாரும் சரியா எழுதலன்னு நினைக்கிற இடம் எது சார்?” பதிலாக ஓர் ஊர்ப்பெயரோ தெருவோ ஏரியோ சொல்கிறவர் உங்களுக்கு வேண்டியவர். “நல்ல முயற்சி, வாழ்த்துகள்” என்பவரை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று தொடங்கவே தொடங்காதீர்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அறிமுகத்தின்போதே ஒருவர் சாதி கணிக்கப்படுகிறது என்று உணர்ந்தால், அடுத்த மாதம் அவர் வர மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார்.

கௌரவ விரிவுரையாளர்களையும் பகுதிநேர ஆய்வாளர்களையும் தனியாகக் கவனியுங்கள். கல்லூரி நிகழ்ச்சிகளில் நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது எல்லாம் இவர்கள் தலையில் விழுந்து பழகிவிட்டது. இங்கேயும் அதே நடந்தால் வட்டம் இன்னொரு வேலையிடம்தான். டீ வாங்கி வருவதற்கும் நாற்காலி அடுக்குவதற்கும் முறை வையுங்கள். முதல் மாதம் இணைப் பேராசிரியர் பெயர் வரட்டும். பெயர் அட்டையிலோ குறிப்பேட்டிலோ பதவி எழுத வேண்டாம்.

நாளும் இடமும்

மாதம் ஒரு முறை, இரண்டாம் சனிக்கிழமை, காலை 10.30 முதல் 1.10 வரை. ஞாயிறு முகூர்த்தத்தில் போய்விடும். மாலையில் வைத்தால் அஞ்செட்டிக்கும் சித்தேரிக்கும் திரும்ப வேண்டியவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். பிளஸ் டூ தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் வரும் மார்ச், ஏப்ரலை விட்டுவிடுங்கள்; ஆண்டுக்குப் பத்து அமர்வு தாராளம். நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் வட்டம் படுத்துவிடும். மூன்று பேர்தான் வந்தாலும் குறித்த நாளில் நடத்துங்கள்.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஓசூர் அதற்கும் அப்பால் இன்னும் ஐம்பது. ஒரே ஊரில் வைத்தால் மற்ற ஊர்க்காரர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாற்றி மாற்றி வையுங்கள், அல்லது நடுவில் காரிமங்கலத்தில் ஓர் இடம் பிடியுங்கள். நூலக அறை, பள்ளி வகுப்பறை, பைசுஅள்ளி பல்கலைக்கழக மையத்தில் ஓர் அறை, எதுவும் சரி. பார்க்க வேண்டியவை: வட்டமாக உட்காரலாமா, பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரமா. மேடையுள்ள அரங்கம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மேடை இருந்தால் யாராவது ஏறிவிடுவார்கள்.

அமர்வை நடத்துவது

குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் கிடையாது என்பதை முதல் நாளே முடிவுசெய்து எழுதி வையுங்கள். இது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. வரவேற்புரையும் நன்றியுரையும் வாழ்த்துரையும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் காலி. அதோடு யாருக்கு முதல் பொன்னாடை என்பதில் வருகிற மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பங்கேற்புச் சான்றிதழும் வேண்டாம். சான்றிதழுக்கு வருகிறவர் மதியச் சாப்பாட்டோடு போய்விடுவார். பதவி உயர்வுக்கு ஆதாரம் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆகவே ஆண்டு முடிவில், செய்த வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கடிதம் ஒன்றைக் கொடுங்கள். “கலந்துகொண்டார்” என்று எழுதாமல், “போச்சம்பள்ளி சந்தையின் கடை வரிசைப் படத்தை வரைந்தார்” என்று எழுதுங்கள்.

2 மணி 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் செய்திகள். அடுத்த 25 நிமிடம் வாசிப்பு. பிறகு ஒரு மணி நேரம் யாராவது ஒருவரின் வரைவு. டீக்கு 15 நிமிடம். 40 நிமிடம் பொதுப் பேரேட்டு வேலை (களத்தில் பார்த்தவற்றை எல்லாரும் சேர்ந்து பதியும் பட்டியல்; கீழே வருகிறது). கடைசி 10 நிமிடத்தில் அடுத்த மாதம் யார் என்ன செய்வது என்று முடிவெடுத்துப் பெயரோடு எழுத வேண்டும்.

வரைவு விவாதம்தான் உயிர்நாடி. பெரும்பாலான வட்டங்கள் உடைவதும் அங்கேதான். வரைவு 3,000 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பத்து நாள் முன்னதாக எல்லார் கைக்கும் வர வேண்டும். வராவிட்டால் அந்த மாதம் விவாதம் இல்லை. இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால், அமர்வன்று காலை பஸ்ஸில் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். இரண்டு பேரை முன்கூட்டியே வாசகர்களாக நியமியுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: கட்டுரை சொல்ல வருவதைத் தான் புரிந்துகொண்டபடி ஒரே வாக்கியத்தில், சான்று போதாத இடங்கள், எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாத ஒரு பத்தி. முதல் வாக்கியத்திலேயே இரண்டு வாசகரும் வேறு வேறாக எழுதியிருந்தால், கட்டுரையின் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கு ஆளுக்கு 7 நிமிடம், பிறகு அரை மணி நேரம் பொது விவாதம், கடைசி 15 நிமிடம் எழுதியவருக்கு. அதுவரை அவர் பேசக் கூடாது. பேச அனுமதித்தால் ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கம் சொல்லத் தொடங்குவார். எழுத்தில் இல்லாதது வாயில் வரும், கட்டுரை அப்படியே இருக்கும். பொது விவாதத்தில் வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். “சார் சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்” என்ற வாக்கியத்தை ஒழிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆய்வாளரின் நெறியாளரும் அவையில் இருந்தால், அவரிடம் முந்தைய வாரமே தனியாகப் பேசி, கடைசியில்தான் பேசுவார் என்று ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அவையில் வைத்துச் சொன்னால் அவமதிப்பாகத் தெரியும். தனக்குத் தெரியாமல் மாணவர் வெளியே வரைவு காட்டினார் என்ற வருத்தமும் இதனால் நீங்கும்.

எதைப் படிப்பது

மாதம் 12 முதல் 15 பக்கம். அதற்கு மேல் கொடுத்தால் படிக்காமல் வந்து தலையாட்டுவார்கள். ஒவ்வொரு வாசிப்போடும் நம் பக்கத்து இடம் ஒன்றைச் சேர்த்தே கொடுங்கள்.

அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சாவர் 1925இல் எழுதிய நிலத்தோற்றக் கட்டுரையில் தொடங்கலாம். இயற்கை நிலத்தோற்றத்தின் மேல் ஒரு பண்பாடு வேலை செய்து பண்பாட்டு நிலத்தோற்றத்தை உண்டாக்குகிறது என்பது அவர் வாதம். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் பெர்க்லி மரபு அதிலிருந்து வளர்ந்தது. அதற்கு இணையாகத் தென்பெண்ணையில் 1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையை எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாய்ப் பாசனம் வந்த ஊரிலும் வராத பக்கத்து ஊரிலும் வீட்டு வாசல், களம், கோயில் திருவிழா மாதம் இவை எப்படி வேறுபடுகின்றன என்று ஆளுக்கு ஓர் ஊர் பார்த்து வரட்டும். அடுத்த மாதம் ஜேம்ஸ் டங்கன் 1980இல் எழுதிய மறுப்பு. மனிதர்களுக்கு மேலே நின்று அவர்களை ஆட்டிவைக்கும் சக்தியாகப் பண்பாட்டைப் பார்த்ததுதான் பெர்க்லி மரபின் பிழை என்கிறார் அவர். அதைப் படித்த பிறகு, “இந்த ஊர்ப் பண்பாடு அப்படி” என்று வட்டத்தில் யாரும் எழுதக் கூடாது என விதி வையுங்கள். யார் அப்படிச் செய்கிறார்கள், யார் செய்ய விடவில்லை என்று எழுத வேண்டும். எருது விடும் விழாவைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்த விதி ரொம்பவே உதவும்.

பிரிட்டிஷ் புவியியலாளர் டோரீன் மாஸி 1991இல் எழுதிய இடவுணர்வுக் கட்டுரை சிறியது, சுவையானது. இலண்டனின் கில்பர்ன் ஹை ரோடு என்ற கடைத்தெருவில் நடந்துகொண்டே, ஓர் இடத்தின் தனித்தன்மை அதன் வேலிக்குள் இல்லை, வெளியுலகத்தோடு அதற்குள்ள தொடர்புகள் அங்கே கூடும் விதத்தில் இருக்கிறது என்று காட்டுகிறார். நமக்கு ஓசூர் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும், வடநாட்டுத் தொழிலாளர்களின் இந்தியும் சேர்ந்து. (கிருஷ்ணகிரியில் லண்டன்பேட்டையே இருக்கிறது, அங்கேயும் நடக்கலாம்.) 400 மீட்டர் தெருவை எடுத்து, கடைப்பலகையின் மொழி, சரக்கு வரும் ஊர், கடைக்காரர் வந்த ஊர், கடை வந்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வரச் சொல்லுங்கள். இரண்டு பேர் மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம்.

உள்ளூர் ஆவணங்களில், ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918இல் வந்த சேலம் கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு), 1792க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் பாரமகாலை (நம் பகுதியின் பழைய பெயர்) அளந்தபோது உருவான பாரமகால் பதிவுகளும் எல்லாரும் தொட வேண்டியவை. தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது, கிருஷ்ணகிரி 2004இல். ஆகவே பழைய தகவலை எல்லாம் ‘சேலம்’ என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் “ஆவணம் எதுவும் இல்லை” என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வேடுகள் வருகின்றன.

இன்னொன்று. ஐந்திணையில் தொடங்கி, தகடூர், அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று இரண்டு பக்கம் போகும் முன்னுரையை வட்டத்துக்குள் தடை செய்யுங்கள். தவறு என்பதால் அல்ல; எல்லாக் கட்டுரையும் அதே இரண்டு பக்கமாக இருப்பதால். முதல் பக்கத்தில் களம் வர வேண்டும். அதியமான் தேவைப்படும் இடத்தில் அவரே வருவார்.

பொதுப் பேரேடு

ஆட்களைக் கட்டிப்போடும் கயிறு இதுதான். தனித்தனிக் கட்டுரைகள் ஆளுக்கு ஆள் பிரிந்து போகும். பேரேடு எல்லாருக்கும் பொது. நடுகல், கற்திட்டை (கல்பலகைகளால் ஆன பழங்கால ஈமச்சின்னம்), சந்தை, ஏரி மதகு, கூத்துக்களம், ஊர் எல்லைச் சாமி, கைவிட்ட கிணறு என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் தொடங்கும்போது ஒரே வகையை எடுத்து, இரண்டே தாலுகாவில் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஆண்டு முடிவில் எதுவும் எழுத முடியாத அளவுக்கு ஓட்டை விழுந்த பட்டியல்தான் மிஞ்சும்.

ஒரு விரிதாளில் இந்தக் கட்டங்கள் போதும்: வரிசை எண், பொருள், ஊர்ப்பெயர், தாலுகா, புல எண், அட்சரேகை, தீர்க்கரேகை, ஊரார் சொல்லும் பெயர், சொன்னவர், அழைத்துச் சென்றவர், பதிந்தவர், படித்தவர் (எழுத்து இருந்தால்), நாள், புகைப்பட எண், ஐயம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. ஐயம் இல்லை என்றால் “இல்லை” என்று எழுத வேண்டும். ஊர்ப்பெயருக்கு உள்ளுக்குள் மூன்று கட்டம் வையுங்கள்: வருவாய்த் துறை எழுதுவது, பஸ் பலகையில் இருப்பது, மக்கள் சொல்வது. மாரண்டஅள்ளி, மாரண்டஹள்ளி என்று இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டினால் கணினிக்கு அது இரண்டு ஊர். ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டுமே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது பார்வைக்குத் தமிழ்தான், தேடினால் கிடைக்காது.

இருப்பிடப் புள்ளியில்தான் தொல்லை அதிகம். 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நம் இரண்டு மாவட்டங்களையும் கீறிக்கொண்டு போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் அதற்கு மேற்கே. கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் கிழக்கே. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் யூடிஎம் முறையில் மேற்குப் பாதி 43ஆம் மண்டலம், கிழக்குப் பாதி 44ஆம் மண்டலம். ஓசூர்க்காரர் 43இல் எடுத்த எண்ணைத் தருமபுரிக்காரர் 44 என்று நினைத்துப் பதிந்தால், அந்த நடுகல் சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் நிற்கும். ஆகவே பேரேட்டில் யூடிஎம் வேண்டவே வேண்டாம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில் தசமப் பாகையாகவே எல்லாரும் எழுதுங்கள். தூரமோ பரப்போ கணக்கிட வேண்டியபோது மட்டும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மொத்தத்தையும் 44ஆம் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மற்றப் பிழைகள்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும், இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். 12 பாகை 30 கலையை 12.30 என்று எழுதுவது அதைவிட ஆபத்து. சரியான எண் 12.50. பிழை 22 கிலோமீட்டர்தான் என்பதால் புள்ளி மாவட்டத்துக்குள்ளேயே எங்காவது விழும், யாரும் கவனிக்க மாட்டார்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். அது ஏறத்தாழ ஒரு மீட்டர். போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும் என்பதால் அதற்கு மேல் இலக்கம் சேர்த்துப் பயனில்லை. புள்ளி எடுக்குமுன் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, துல்லியம் 5 மீட்டருக்குள் வந்ததும் பதியுங்கள்.

அடிப்படை வரைபடத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களே போதும். பழைய எண் முறையில் ஓசூர்ப் பக்கம் 57 ஹெச், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் 57 எல், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் 58 ஐ. ஒரு தாளை இரண்டு பேருக்குப் பொறுப்பாகக் கொடுங்கள். “அந்தத் தாள் என்னுடையது” என்று ஒருவர் சொல்லத் தொடங்கிவிட்டால், அவரை வட்டத்தில் வைத்திருக்க நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வெளியில் காட்டும் படத்தில் மட்டும் துல்லியத்தைக் குறையுங்கள். நடுகல், கற்திட்டை போன்றவற்றுக்குத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், அதாவது ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக. புதையல் தோண்டுகிறவர்களுக்கு வழி காட்டுவது நம் வேலை இல்லை.

களத்துக்குப் போகும்போது

ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் ஊர்க்காரர்களுக்கு அது அதிகாரிகள் வருகை. ஊருக்குள் நுழையும்போது முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியம். ஊர்க் கவுண்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுக் காலனிக்குப் போனால் அங்கே வாய் திறக்க மாட்டார்கள். பால் சொசைட்டி, ரேஷன் கடை போல எல்லாரும் வந்து போகும் இடத்தில் நின்று பேசத் தொடங்குங்கள். எங்கே கொடுத்தாலும் தண்ணீர் குடிக்க, சாப்பிடத் தயங்குகிறவரைக் களத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. அவருக்குப் பேரேட்டு வேலை கொடுங்கள், அல்லது கொடுக்காமல் இருங்கள்.

மலையேறிக் காட்டுகிற வீரத்தைக் களஆய்வு என்று எண்ணும் ஆண்களின் பழக்கத்தை புவியியலாளர் ஜில்லியன் ரோஸ் 1993லேயே விமர்சித்திருக்கிறார். வட்டத்தில் அது எப்படி வெளிப்படும் என்றால், பயணத் திட்டம் முழுவதும் பைக்கும் கரட்டுப் பாதையுமாக இருக்கும். பெண் ஆய்வாளர்கள் ‘வர முடியாதவர்கள்’ ஆவார்கள். திட்டம் போடும்போதே பஸ் போகும் இடங்களில் பாதியை வையுங்கள், பெண்கள் குறைந்தது இருவராகப் போகட்டும், திரும்பும் நேரத்தை முன்னரே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள், அடுப்படியில், குழாயடியில் கிடைக்கும் இடப்பெயர்களும் எல்லைக் கதைகளும் மலையுச்சியில் கிடைக்காது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் யானை நடமாட்டம் உண்டு. மாலை நான்கு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். “உள்ளூர் ஆள் கூட வர்றார்” என்பது அனுமதி ஆகாது.

நடுகல் பல ஊர்களில் வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கிறது. செருப்பைக் கழற்றுங்கள், கேட்காமல் தொடாதீர்கள். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் தடவாதீர்கள். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நான்குக்குப் பிறகோ வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தால் எழுத்தும் உருவமும் நன்றாகவே விழும். நிழலில் இருந்தால் பக்கவாட்டில் டார்ச் பிடியுங்கள். அளவுகோல் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒன்று. மைப்படி எடுப்பது (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது) பயிற்சி உள்ளவர் வேலை. நிலத்தில் கிடக்கும் பானை ஓட்டைப் பொறுக்காதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டதென்றால், அது மண்ணடுக்கோடு முறையாக எடுத்த மாதிரியிலிருந்து வந்தது. பைக்குள் போட்டு எடுத்து வந்த ஓட்டுக்குக் காலமும் இல்லை, இடமும் இல்லை.

பேச்சைப் பதியுமுன் ஒப்புதலை அவரவர் மொழியிலேயே கேட்டு, பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சூளகிரிப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசிக் கொடுத்த உறுப்பினர் மொழிபெயர்ப்பாளர் அல்லர், இணை ஆசிரியர். இருளர் குடியிருப்பிலோ சித்தேரி, வத்தல்மலையிலோ ஒருவரின் அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது, எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். செய்கிறவர்கள் குறைவு.

பெயர் யாருக்கு

வட்டங்களில் பணத்தால் வரும் சண்டை குறைவு. “முதலில் கண்டது யார்” என்பதில் வருவதே அதிகம். ஒருவர் காட்டுவார், இன்னொருவர் படிப்பார், மூன்றாமவர் பேப்பரில் செய்தி கொடுத்துவிடுவார். மறுநாள் காலை நட்பு முடிந்தது. தடுக்க ஒரே வழி, பேரேட்டில் இருக்கும் நான்கு பெயர்களையும் (சொன்னவர், அழைத்துச் சென்றவர், பதிந்தவர், படித்தவர்) எந்தச் செய்தியிலும் கட்டுரையிலும் போட வேண்டும் என்று எழுத்தில் உடன்படுவது. ஆடு மேய்ப்பவர் சொன்னார் என்றால், அவர் விரும்பினால் அவர் பெயர். “உள்ளூர்வாசி ஒருவர்” என்று எழுதக் கூடாது. புதிதாக ஒன்று கிடைத்தால் முதலில் தொல்லியல் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்தது 30 நாள் பத்திரிகைக்குப் போகாமல் இருங்கள். படித்ததில் உள்ள தவறுகள் பெரும்பாலும் அந்த முப்பது நாளில் வெளிவந்துவிடும்.

கட்டுரையில் பெயர் வரிசையை எழுதத் தொடங்குமுன்பே முடிவு செய்யுங்கள். நெறியாளர் என்பதால் மட்டும் பெயர் வரக் கூடாது. இதைச் சொல்வது சங்கடம். சொல்லாமல் விட்டால் வரும் சங்கடம் பெரிது.

வெளியுலகம்

சென்னையில் 1926இல் மெட்ராஸ் புவியியல் சங்கமாகத் தொடங்கிய இந்தியப் புவியியல் கழகமும், 1978இல் உருவான இந்தியப் புவியியலாளர் தேசியச் சங்கமும் நமக்கு எட்டக்கூடியவை. அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்திலும் பிரிட்டனின் அரச புவியியல் கழகத்திலும் பண்பாட்டுப் புவியியலில் ஈடுபடும் குழுக்கள் இருக்கின்றன. இவற்றின் மாநாடுகளுக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். முதல் தடவை போகிறவர் இரண்டு நாளும் ஓரத்தில் நின்று டீ குடித்துவிட்டு, “அது நமக்கான இடம் இல்லை” என்ற முடிவோடு திரும்புவார். இரண்டு பேராக அனுப்புங்கள். 15 நிமிட உரையை வட்டத்தில் 12 நிமிடத்தில் முடியும்வரை ஒத்திகை பாருங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவர் கட்டுரையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டு மாற்றட்டும். ஆங்கிலத்திலேயே தொடங்கினால் தெரிந்த சொற்களுக்குள் ஆய்வே சுருங்கிவிடுகிறது.

இதழ் தேர்வில் கவனம். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்ட பிறகு, சரிபார்க்கும் பொறுப்பு நம் தலையில் வந்து நிற்கிறது. ஒரு வாரத்தில் ஏற்பு, ஏற்புக்கு முன்பே கட்டணம், எல்லாத் துறையும் ஒரே இதழில் என்றால் விலகுங்கள். ஆசிரியர் குழுவில் இருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைப் பாருங்கள். அந்த இதழின் பெயர் அங்கே இல்லை என்றால் சந்தேகம்தான்.

நடத்திக்கொண்டே போவது

வாட்ஸ்அப் குழு இரண்டு வையுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். நாள், இடம், வரைவு, அவ்வளவுதான். மற்றது பேச்சுக்கு. ஒரே குழு என்றால் காலை வணக்கமும் தேர்தல் செய்தியும் பொங்கி, வரைவு அனுப்பியதே தெரியாமல் போகும்.

பணம் அதிகம் தேவைப்படாது: பத்துப் பேருக்கு 15 பக்க ஜெராக்ஸ், டீ, ஆய்வாளர்களின் பஸ் கட்டணம். நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் மட்டும் மாதம் 200 ரூபாய் போடட்டும். கௌரவ விரிவுரையாளரிடமும் உதவித்தொகை இல்லாத ஆய்வாளரிடமும் கேட்காதீர்கள், ‘விருப்பம் இருந்தால்’ என்றுகூட. கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசியுங்கள்.

வட்டத்தைக் கொல்வது பெரும்பாலும் சண்டை இல்லை, பணியிட மாறுதல். தொடங்கியவர் கலந்தாய்வில் வேறு மாவட்டம் போவார்; கோப்புகள் அவர் லேப்டாப்பில், அறை அனுமதி அவர் பெயரில், குழு அவர் போனில். ஆகவே ஒருங்கிணைப்பாளர்கள் எப்போதும் இருவர், வேறு வேறு நிறுவனத்திலிருந்து, ஒருவர் தருமபுரி, ஒருவர் கிருஷ்ணகிரி. ஆண்டுக்கு ஒருவர் மாற வேண்டும், இருவரும் சேர்ந்து மாறக் கூடாது. மின்னஞ்சலும் சேமிப்பும் வட்டத்தின் பெயரில். பேரேட்டின் பிரதி இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு ஊரில். மாறிப் போனவரைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு வரைவைப் படித்துக் கருத்து அனுப்பும் வேலையை அவரிடம் விட்டுவையுங்கள்.

பொறுப்பு மாறும் அமர்வை ஜூனில் வைத்துக்கொள்வது வசதி. கடவுச்சொல், கணக்கு நோட்டு, அறை அனுமதிக் கடிதத்தின் நகல், ஒப்புதல் பதிவுகள், தாள் வாரியாகப் பொறுப்பாளர் பட்டியல் இவற்றை எல்லார் முன்னிலையிலும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு வரைவு விவாதம் வைக்காதீர்கள். பேரேட்டில் காலியாக விட்ட ‘ஐயம்’ கட்டங்களைச் சரிபார்க்கவே நேரம் போய்விடும்.